பொடிச்சி தூங்கிய மதியம்

என் தங்கச்சி தூங்கிப்போனதால் பினாங்குத் தீவில் ஒரு நாள் சாயங்காலமே வரவில்லை, வெயில் இருந்த இடத்திலேயே நின்றுகொண்டது. அன்றைக்கு அந்தத் தெருவில் இருந்தவர்கள் இதை இப்போதும் போன வருஷம் பெய்த மழையைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். ஏன் நின்றது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், அறிவியலில் நான் எடுத்த மார்க்கை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

எங்கள் ஊர் புளியங்குடி. அப்பா கோமதிநாயகம் எலுமிச்சை மார்க்கெட்டில் காய் தரம் பிரிக்கிறவர், இப்போது நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதையே செய்கிறேன், கணக்குப் பாடத்தைவிட எலுமிச்சை எவ்வளவோ மேல். இந்த இசக்கி, அதாவது நான், பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அம்மாவுக்கு என் தங்கச்சி பிறந்தாள். அம்மா ஆவுடைத்தாய் வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று மாசம் கடைத்தெருப் பக்கமே போகவில்லை. பாஸ்போர்ட்டில் தங்கச்சியின் பெயர் தன்விகாஸ்ரீ, அப்பா போனில் தேடிப் பிடித்து வைத்த பெயர். அம்மாவுக்கு அது வாயில் நுழையாததால் வீட்டில் அவள் பொடிச்சி.

பொடிச்சிக்கு மொட்டை போட்டாயிற்று, காது மட்டும் குத்தவில்லை. காது குத்த வேண்டுமென்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமன் என்று அவளுக்கு இருக்கிற ஒரே ஆள் அம்மாவின் தம்பி சங்கிலி மாமா, முழுப்பெயர் சங்கிலிபூதம், பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் டீ மாஸ்டர். என் காதைக் குத்தியது அவர் மடியில்தான். அதற்கப்புறம் கடல் தாண்டிப் போனவருக்கு ஊருக்கு வர லீவு கிடைப்பதே அபூர்வம், இந்தத் தடவை வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் அது கைக்கு வருகிற வரைக்கும் அந்த நாட்டை விட்டு நகரவே முடியாதாம். பெரியப்பா ஒருவர், மாமன் முறைக்கு யார் மடியாவது போதாதா என்று கேட்டார். என் தம்பி மடி இல்லாமல் குத்தினால் அது ஊசி போடுவதுதான், காதுகுத்து இல்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். மடி இங்கே வராது என்றால் காது அங்கே போகட்டும் என்று அப்பா முடிவு செய்தார். மாமா அங்கிருந்து டிக்கெட் போட, தென்காசியிலிருந்து கோவில், கோபுரம் எல்லாம் சுற்றிக்காட்டுகிற ஒரு டூர் கூட்டத்தோடு நாங்கள் கிளம்பினோம்.

ஒன்றரை வயசுப் பிள்ளையோடு வெளிநாடு போனால் என்ன ஆகும் என்று டூர்காரர்கள் நோட்டீஸில் போடுவதில்லை. திருச்சியில் விமானம் மேலே ஏறியபோது காது அடைத்துக்கொண்டதற்காக அழுதவள், இறங்கும்போது காது திறந்துகொண்டதற்காக அழுதாள், கோலாலம்பூரில் கோபுரத்து உச்சிக்குப் போகிற லிப்டுக்குள் ஆய் போனாள், அந்த லிப்ட் எங்கேயும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்ததால் தென்காசிக்காரர்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தார்கள், முருகன் கோவில் படியில் ஒரு குரங்கு அவளுடைய பால் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது, பாட்டில் போனதற்கு அவள் அழவில்லை, குரங்கு போய்விட்டதே என்று அழுதாள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவள் தூங்கவில்லை. எங்கள் பொடிச்சி தூளியில்தான் தூங்குவாள், அம்மா அதற்காகப் பழைய சுங்குடிச் சேலையை மடித்துப் பையின் அடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள், ஆனால் தூளி தொங்கவிடக் கொக்கி வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, அப்பாவுக்கும் தோன்றவில்லை. போன ஹோட்டலிலெல்லாம் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் மேல் ஏறி நின்று மேல்கூரையைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். எல்லாம் வழவழவென்று பேப்பர் ஒட்டிய அட்டை, ஒரு ஆணி கிடையாது. பொடிச்சி மெத்தையில் உட்கார்ந்துகொண்டு விடிய விடிய எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இவ்வளவு பெரிய நாட்டில் ஒரு கொக்கி இல்லை என்று அம்மா டூர் கைடிடம் புகார் சொன்னாள், அவர் அதைப் போனில் குறித்துக்கொண்டது போல நடித்தார்.

கடைசி நாள் மதியம்தான் எங்களுக்கென்று விட்டார்கள். கைடு எங்களைக் கடைத்தெரு முனையில் இறக்கிவிட்டு, இருட்டியதும் பஸ் இதே இடத்துக்கு வரும், நேரே விமான நிலையம்தான், வராதவர்கள் இந்த நாட்டிலேயே குடியிருக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தெருவுக்குள் நாங்கள் திரும்பியதும், சாம்பிராணியும் மீன் குழம்பும் கலந்த வாடை மூக்கில் பட்டதோ என்னவோ, பொடிச்சி என் தோளில் தலையைப் போட்டாள், ஒரு பெருமூச்சு விட்டாள், தூங்கிவிட்டாள்.

சங்கிலி மாமா ஈரக்கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே கடையிலிருந்து வெளியே வந்தார். அம்மா அவர் முகத்தைத் தடவி, ஏம்ல இப்படிக் கறுத்துப்போன என்று கேட்டு அழுதாள், அவர் எப்போதும் கறுப்புதான். அப்புறம் அவர் என் தோளுக்குப் பின்னால் போய்க் குனிந்து பொடிச்சியைப் பார்த்தார். போனில் பார்த்ததைவிடச் சின்னதாக இருக்கிறாளே என்றார். கடைக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை ஒன்று தெரு நெடுக ஓடுகிறது, அங்கே அதற்கு அஞ்சடி என்று பேர். அஞ்சடியின் உத்தரத்தில், வாழைத்தார் தொங்கவிடுகிற ஒரு இரும்புக் கொக்கி இருந்தது. அப்பா அதைக் கண்டதும் சாமியைக் கண்டவர் போல நின்றுவிட்டார். தாரைக் கழற்றி வைத்துவிட்டுத் தூளி கட்டினோம்.

அந்தக் கடையில் மதியச் சாப்பாட்டுக்கும் சாயங்கால டீக்கும் நடுவில்தான் வேலைக்காரர்களுக்கு ஓய்வு. முதலாளி மீரா முகைதீன் கடையநல்லூர்க்காரர், எங்களுக்குப் பக்கத்து ஊர், கறாரான மனிதர், கடிகாரத்தை நம்பமாட்டார். கடையின் நிழல் தெருவில் நீண்டு நீண்டு நடுவில் இருக்கிற மஞ்சள் கோட்டைத் தொட வேண்டும், தொட்டால் அடுப்பு எரிய வேண்டும், அது வரைக்கும் யார் தூங்கினாலும் அவர் கேட்கமாட்டார், அதற்கு மேல் யார் செத்தாலும் விடமாட்டார். அதனால் மாமாவுக்கு இருந்தது அந்த நிழல் கோட்டுக்குப் போய்ச் சேர்கிற நேரம்தான். அதற்குள் அக்காவிடம் பேச வேண்டும், அத்தானோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், மருமகளை மடியில் வைத்துக் காது குத்த வேண்டும்.

மாமா சொல்லிவைத்திருந்த நகை ஆசாரி ஆறுமுகப் பத்தர் தங்கக் கம்பியும் குங்குமச் சிமிழுமாக வந்து சேர்ந்தார். பிள்ளை தூங்குவதைப் பார்த்துவிட்டு, நல்லதாய்ப் போயிற்று, தூக்கத்திலேயே குத்திவிடலாம், அழமாட்டாள் என்றார்.

"தூங்குற பிள்ளைக்குக் குத்தினா அது களவு பத்தரே," என்றாள் அம்மா. "முழிச்சிக்கிட்டு, வாயில சர்க்கரையப் போட்டுக்கிட்டு, மாமன் மடியில இருக்கணும்."

இத்தனை நாள் கழித்துத் தூங்குகிற பிள்ளையை எழுப்பவும் அவளுக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் பார்ப்போம் என்று எல்லோரும் உட்கார்ந்தோம். நிழல் மஞ்சள் கோட்டுக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. நாங்கள் டீ குடித்தோம், நிழல் அங்கேயே இருந்தது. அம்மா ஊரில் யார் யாருக்குக் கல்யாணம் ஆனது, யார் யார் ஓடிப்போனது என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள், நிழல் அங்கேயே இருந்தது. முதலாளி கல்லாவிலிருந்து இறங்கிவந்து கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார், மேலே சூரியனைப் பார்த்தார், திரும்பிப்போய் உட்கார்ந்துகொண்டார். தொடவில்லை என்றால் தொடவில்லைதான், அவர் பேச்சு மாறாதவர்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது எதிரில் கரும்புச்சாறு பிழிகிற சீனர். அவர் நிழல் இல்லாத பக்கத்துக்காரர், அதனால் வெயிலைப் பற்றி அவருக்குத்தான் அக்கறை அதிகம். பொடிச்சி தூளிக்குள் புரண்டு படுத்தபோது நிழல் ஒரு விரல் நகர்ந்ததையும், அம்மா தட்டிக்கொடுத்ததும் அது நின்றுபோனதையும் அவர் பார்த்தார். மலாயும் தமிழும் கலந்து மாமாவிடம் சொன்னார். மாமா சோதித்துப் பார்க்கத் தூளியை லேசாக அசைத்தார். பொடிச்சி முனகினாள், நிழல் எறும்பு போல ஊர்ந்தது. மாமா சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அப்புறம் எழுந்துபோய், தெருவில் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்த லாரியைக் கையைக் காட்டி நிறுத்தி, டிரைவரிடம் மரியாதையாக ஏதோ சொன்னார். அந்த லாரி தெருவை விட்டுப் பின்பக்கமாகவே போனது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ரொம்பச் சாதாரணம். கடைக்காரப் பையன்கள் மேசைகளை ஒட்டிப் போட்டுப் படுத்தார்கள், வருஷக்கணக்கில் பாக்கி இருந்த தூக்கத்தையெல்லாம் தூங்கி, எழுந்து, இன்னும் மதியம்தான் என்று தெரிந்ததும் சந்தோஷமாக மறுபக்கம் திரும்பிப் படுத்தார்கள், முதலாளியே கல்லாப்பெட்டி மேல் தலையை வைத்துக் குறட்டை விட்டார், அவர் தூங்கி யாரும் பார்த்ததில்லையாம், சமையல்காரர் ஒருவர் மற்றவர்களை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினார். பூக்கடைக்காரி தொடுத்த பூவெல்லாம் தீர்ந்து பக்கத்துப் பூங்காவிலிருந்து பறித்துவந்து தொடுத்தாள், துணி துவைத்துப் போட்டவர்கள் அது காய்ந்ததும் திரைச்சீலைகளைத் துவைத்தார்கள், அதுவும் காய்ந்ததும் துவைக்க எதுவும் இல்லாமல் கட்டியிருந்ததையே மாற்றித் துவைத்தார்கள். பள்ளிவாசலிலிருந்து ஒரு ஹாஜியார் வந்து குச்சியை நட்டு நிழலை அளந்து பார்த்து, சாயங்காலத்து அஸர் தொழுகைக்கு இன்னும் நேரம் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு ஒரு டீ குடித்தார், மறுபடி அளந்தார், மறுபடி குடித்தார். மாரியம்மன் கோவில் பூசாரி மணியின் நாக்கில் துணி சுற்றி வைத்தார். பக்கத்துத் தெருக்களிலிருந்து வந்தவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு அஞ்சடியில் வரிசையாக வந்து தூளிக்குள் எட்டிப் பார்த்தார்கள். தூங்குகிற பிள்ளையை அழகு என்று சொல்லக் கூடாது என்று அம்மா முன்கூட்டியே எச்சரித்ததால், எல்லோரும் பார்த்துவிட்டு, பரவாயில்லை, சுமார்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சீனர் கொஞ்ச நேரம் யோசித்து, மூக்கு சப்பை என்றார். அம்மாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

மாமாவைப் பார்க்கத்தான் எனக்குச் சிரிப்பாக இருந்தது. அவர் அக்கா மடியில் தலையை வைத்துப் படுத்தார். அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டார், பசித்ததும் மறுபடி சாப்பிட்டார். முடி வெட்டிக்கொண்டார். என் கல்யாணத்துக்கு என்னென்ன செய்வார் என்று சொன்னார், எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்றேன், சரி, அப்படியென்றால் ஒரு ஸ்கூட்டி என்றார். ஆனால் என்ன செய்தாலும் தூளியின் கயிற்றை மட்டும் விடவில்லை. பொடிச்சி கொஞ்சம் அசைந்தால் போதும், அவர் கை தானாக ஆட்டும், வாய் தானாக உஸ் உஸ் என்னும், நிழல் நிற்கும். பத்தர் மெதுவாக, அப்போ காது என்று கேட்டார். இருக்கட்டும் என்றார் மாமா. மறுபடியும் கேட்டபோது அவருக்கு இன்னொரு தட்டு பிரியாணி வந்தது.

முதலில் பொறுமை இழந்தவர்கள் இராத்திரிச் சந்தைக்காரர்கள். வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து விளக்குகளைக் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள், வெயிலில் விளக்குகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அப்புறம் டூர் கைடு வந்தார், இருட்டியதும் வருகிறேன் என்று சொல்லித் தொலைத்ததால் பஸ்ஸை எடுக்கவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல் டிரைவர் அதே நாலு தெருவைச் சுற்றிக்கொண்டிருக்கிறாராம், தென்காசிக்காரர்கள் உள்ளே பஜனை பாட ஆரம்பித்துவிட்டார்களாம். கடைசியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். அங்கே மதியத்திலும் பள்ளிக்கூடம் உண்டு, சாயங்காலம்தான் மணி அடிக்கும். வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையுமாகக் கஸ்தூரி என்கிற ஒரு பொண்ணு முன்னால் நின்று, டீச்சர் பாடத்தை முடித்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து நடத்துகிறார், அதையும் முடித்துவிட்டு அடுத்த வருஷப் பாடத்தை எடுக்கப்போகிறார் என்று சொன்னாள். அவள் கண்ணில் தண்ணீர். முடியாத பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரியாது.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. எழுப்பு என்று ஒரு கூட்டம், எழுப்பாதே என்று ஒரு கூட்டம், ஆனால் பிள்ளை தூங்குவதால் இரண்டு கூட்டமும் கிசுகிசுவென்றுதான் சண்டை போட்டது. சந்தைக்காரர் ஒருவர் ஒரு சமையல்காரரின் சட்டையைப் பிடித்து, சத்தம் வராமல் உலுக்கினார். முதலாளியை எழுப்பி நியாயம் கேட்டார்கள். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பிள்ளை யார் மடிக்காகக் கடல் தாண்டி வந்ததோ அவன்தான் எழுப்ப வேண்டும், மற்றவன் கை வைத்தால் நடப்பது வேறு என்று சொல்லிவிட்டார்.

மாமா கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் யாரையும் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

"முடியாது," என்றார். "நான் வந்த நாள்லேருந்து ஒரு நாளு கேட்டதில்ல மொதலாளி. இவ எனக்குன்னு ஒரு நாளக் கொண்டாந்திருக்கா. தூங்கட்டும்."

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். இப்படித்தான், பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டால் காரியம் அங்கேயே நின்றுவிடும், எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை கிடையாது. நான் போய் மாமா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"மாமா, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீங்க. நீங்க அவள இம்புட்டு நேரமா பாத்துக்கிட்டே இருக்கீங்க. அவ உங்கள இன்னும் ஒரு தடவ கூடப் பாக்கல."

மாமா தூளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இப்படியே ஊருக்குத் தூக்கிட்டுப் போனா அவளுக்கு மாமானு யாரும் கிடையாது. இந்தக் கொக்கிதான் மாமா."

"முழிச்சா அழுவாளேட்டி," என்றார் மாமா. "புது மூஞ்சி."

"அழுவாதான். அவ பிளேன் ஏறினதுக்கு அழுதா, குரங்கு போனதுக்கு அழுதா. உங்களப் பாத்தும் அழுதுட்டுப் போட்டுமே."

மாமா கயிற்றை விட்டார். அது அவர் கையில் பதிந்திருந்தது, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட வேண்டியிருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டார், தலையைப் படிய வாரினார், பெட்டியிலிருந்து புதுச்சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார், பொண்ணு பார்க்கப் போகிறவர் மாதிரி வந்து பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கொடு அக்கா என்று அம்மாவிடம் கையை நீட்டினார். அம்மா பொடிச்சியைத் தூளியிலிருந்து அள்ளி அவர் மடியில் வைத்தாள். அவள் அப்போதும் எழுந்திருக்கவில்லை, வாயைச் சப்பிக்கொண்டு அவர் வயிற்றில் முட்டிக்கொண்டு தூங்கினாள். மாமா குனிந்து அவள் கன்னத்தை ஒரு விரலால் தட்டினார்.

"ஏ பொடிச்சி," என்றார். "எந்திரி தாயி. மாமன் வந்திருக்கேன்."

வந்தது அவள், அவர் அங்கேயேதான் இருந்தார், ஆனால் யாரும் திருத்தவில்லை.

பொடிச்சி கண்ணைத் திறந்தாள். மீசையைப் பார்த்தாள், அதற்கு மேலே மூக்கைப் பார்த்தாள், அதற்கும் மேலே கண்ணைப் பார்த்தாள், அங்கேயே நிறுத்திக்கொண்டாள். சந்தைக்காரர்களின் விளக்குகள் மினுங்குவது தெரிய ஆரம்பித்தது. நிழல் மஞ்சள் கோட்டைத் தொட்டு, தாண்டி, எதிர்ச் சுவரில் ஏறி, சீனருடைய கரும்புக்கட்டை மூடிக்கொண்டு மேலே போனது, காத்திருந்த சாயங்காலம் முழுக்க மொத்தமாகத் தெருவுக்குள் வந்து இறங்கியது போல இருந்தது. கஸ்தூரியும் மற்ற பிள்ளைகளும் வீட்டைப் பார்த்து ஓடினார்கள். ஹாஜியார் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு பள்ளிவாசலுக்கு வேகமாக நடந்தார். பூசாரி மணியின் துணியை அவிழ்த்தார்.

அம்மா பொடிச்சியின் வாயில் சர்க்கரையைப் போட்டாள், பத்தர் குங்குமத்தால் புள்ளி வைத்துக் குத்தினார், முதல் காதுக்கு அவள் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள், இரண்டாவது காதுக்கு அவள் போட்ட கத்தலில் உத்தரத்துப் புறாவெல்லாம் பறந்தது. கத்தியதோடு விடவில்லை. மாமாவின் கட்டைவிரலைப் பிடித்து, இருக்கிற எல்லாப் பல்லாலும் கடித்தாள். அப்பா இழுத்தும் விடவில்லை, அம்மா அதட்டியும் விடவில்லை. மாமா மட்டும் கையை இழுக்கவே இல்லை, கண்ணில் தண்ணீர் வழிய, கடிக்கட்டும் கடிக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவளுக்கு அலுத்தபோது தானாக விட்டாள்.

அதற்குள் அடுப்பு எரிந்துவிட்டது, கடை நிறைந்துவிட்டது. அவ்வளவு நேரம் மதியமாகவே இருந்ததில் தீவு முழுக்க டீக்கு ஏங்கிப்போய்க் கிடந்தது. எங்களுக்குக் கட்டிப்பிடித்து விடைபெறவெல்லாம் நேரம் இல்லை, கைடு முனையில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார், மாமா எங்களுக்குப் பையை எடுத்துக் கொடுத்துவிட்டு டீ போடுகிற பட்டறைக்குப் பின்னால் போய் நின்று டீயை உயரத் தூக்கி ஆற்ற ஆரம்பித்தார். இடது கையின் கட்டைவிரலை மட்டும் எதிலும் படாமல் தனியாக நிமிர்த்தி வைத்துக்கொண்டார். டீ வாங்குகிற ஒவ்வொருவரும் என்ன காயம் என்று கேட்டார்கள், ஒவ்வொருவரிடமும் அதை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினார். கழுவி மருந்து போடு என்று முதலாளி கல்லாவிலிருந்து சொல்வதும், அப்புறம் போடுதேன் என்று இவர் சொல்வதும் எங்களுக்குக் கேட்டது.

பஸ் அந்தத் தெரு வழியாகத்தான் திரும்பியது. அம்மா ஜன்னல் பக்கம் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அப்பா தூளிச் சேலையை மடித்துக்கொண்டிருந்தார். பொடிச்சி என் மேல் ஏறி நின்று, சிவந்துபோன காதும் ஒழுகுகிற மூக்குமாகக் கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு மாமாவையே முறைத்துக்கொண்டிருந்தாள். இனி எங்கே பார்த்தாலும், எந்தக் கூட்டத்தில் பார்த்தாலும், அந்த ஆளை அவளுக்கு அடையாளம் தெரியும்.